தண்ணீரில் தெரிந்த கோடு

பிரபா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நலமா என்று கேட்டு நான் உனக்குக் கடிதம் எழுதினால் நீ சிரிப்பாய். இன்று காலையில்தான் தோசைக்குச் சட்னி போதவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாய். நலமாகத்தான் இருக்கிறாய். ஆனாலும் இதை நேரில் சொல்ல எனக்கு வரவில்லை. நான் ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், உன் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார், விஷயம் அங்கேயே நின்றுவிடும். மூன்று மாதமாக அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறது. அதனால் எழுதி, திங்கட்கிழமை நீ எடுத்துக்கொண்டு போகப்போகும் அந்தப் புதுப் பைக்குள் வைக்கிறேன். தி.நகர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் படி. கிடைக்காவிட்டால் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் படி. பதில் எழுத வேண்டாம்.

திங்கட்கிழமை முதல் நீ யார் யாருடைய ரத்தத்தையோ சளியையோ சோதித்து, கிருமி உண்டு, இல்லை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போடப்போகிறாய். போன வாரம் உன் அத்தை வந்திருந்தபோது, பாண்டி பஜார் பக்கத்தில் இருக்கும் அந்தச் சோதனைக்கூடத்தில் புது மெஷின் வந்திருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். "டாக்டர் தப்பு பண்ணலாம் அத்தை, மெஷின் பொய் சொல்லாது" என்றாய். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, துணி காயப்போடும் பால்கனியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். நீ கவனிக்கவில்லை. முட்டி வலியால் வேலையை விட்டுவிட்டேன் என்றுதான் உங்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். முட்டி வலி உண்மைதான். ஆனால் முட்டி வலிக்காக இருபத்திரண்டு வருஷ ஆய்வுக்கூட வேலையை யாரும் விடுவதில்லை. படித்த பிள்ளை நீயும் அதை நம்பினாய் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

மெஷினைப் பற்றி உனக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை உன் அப்பாவும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்து அமுதாவுக்கும் படித்துக் காட்டப்போகிறேன். அதற்குப் பிறகு யார் படித்தாலும் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. அதனால் எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன், பொறுத்துக்கொள். சாத்துக்குடி மரத்துக்கு ஒரு நோய் வரும். நாங்கள் அதை கிரீனிங் என்போம். இலை திட்டுத்திட்டாக மஞ்சளாகும், பழம் ஒரு பக்கம் பழுக்காமல் பச்சையாகவே நின்று கசந்துபோகும். அதற்குக் காரணமான கிருமி மரத்தின் நரம்புக்குள்ளேயே இருக்கும். மருந்து கிடையாது. ஒரு சின்னப் பூச்சி அதை மரத்துக்கு மரம், தோட்டத்துக்குத் தோட்டம் கொண்டுபோகும். வெட்டி எரிப்பதுதான் ஒரே வழி. சங்கடம் என்னவென்றால், மண்ணில் துத்தநாகச் சத்துக் குறைந்தாலும் இலை கிட்டத்தட்ட அதே மாதிரிதான் மஞ்சளாகும். அதற்கு ஜிங்க் சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்து இரண்டு மூன்று முறை தெளித்தால் போதும், மரம் தெளிந்துவிடும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்வது பெரிய அனுபவசாலிக்கே கஷ்டம். பி.சி.ஆர். மெஷின் வந்த பிறகுதான் ஒரே நாளில் சொல்ல முடிந்தது. இலையின் நடு நரம்பை அரைத்து டி.என்.ஏ. எடுத்து, மெஷினில் வைத்தால், அதில் கிருமியின் டி.என்.ஏ. துளி இருந்தாலும் அது கோடிக்கணக்கான நகலாகப் பெருகும். பிறகு அதை ஜெல் என்கிற கூழ்த்தகட்டில் இருக்கும் குழிகளில் விட்டு, மின்சாரத்தில் ஓட்டி, புற ஊதா விளக்கின் மேல் வைத்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு தெரியும். கோடு இருந்தால் நோய். இல்லாவிட்டால் இல்லை.

அந்தக் கோடிக்கணக்கான நகல்தான் அந்த மெஷினின் பலம், அதன் ஆபத்தும் அதுதான். முடிந்த குழாயை நீ திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளி தெறித்து மேஜையில், கையுறையில், துளி உறிஞ்சும் பிப்பெட்டில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் அதே மேஜையில் புதுச் சோதனைக்குக் கலவை தயார் செய்தால், நேற்றைய துளி இன்றைய குழாய்க்குள் போய், நோயே இல்லாத மரத்துக்கும் கோடு காட்டும். அதனால்தான் கலக்குவதற்கு ஓர் அறை, திறப்பதற்கு வேறு அறை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் ஒரு குழாயில் இலைச் சாறு எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரை மட்டும் விட்டு வைப்போம். தண்ணீரில் கோடு தெரிந்தால் அன்றைய சோதனை மொத்தமும் குப்பைக்கு. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் தெரியுமா? வெளியூரிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்களிடம் விரலை நீட்டி நீட்டிச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடம் அடையாறில் ஒரு பழைய பங்களாவின் மாடி என்பது உனக்குத் தெரியும். முன் அறையில் கலப்பது, பின் அறையில் திறப்பது. மெட்ராஸ் என்ற பெயர் சென்னை என்று மாறிய வருஷம் அது. அந்தக் கோடையில் பின் அறை ஏ.சி. நின்றுபோனது. ஆள் வருவான் என்றார்கள், வரவில்லை. மேற்கு வெயில் முழுக்க அந்த அறையில்தான் இறங்கும். உள்ளே போனால் ஐந்து நிமிஷத்தில் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் நான்தான் சொன்னேன், எல்லாவற்றையும் தற்காலிகமாக முன் அறைக்கே கொண்டுவந்துவிடுங்கள், கவனமாகச் செய்தால் போதும் என்று. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. குளிர்ச்சிக்காகச் செய்தேன். ஆறு வாரம் அப்படியே ஓடியது. பெரிய தப்புக்குப் பெரிய காரணம் இருக்கும் என்று நீ நினைத்தால் ஏமாந்துபோவாய்.

அந்த ஆறு வாரத்துக்குள்தான் தயாளனும் சரோஜாவும் வந்தார்கள். தயாளன் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், ஆதம்பாக்கத்தில் வீடு. சரோஜா அவர் மனைவி. ஊத்துக்கோட்டை தாண்டி சரோஜாவுக்கு அவள் அப்பா வழியில் வந்த நிலம் கொஞ்சம் இருந்தது. அதில் இருவரும் சாத்துக்குடி வைத்திருந்தார்கள். வாரத்தில் நான்கு நாள் அங்கே, மூன்று நாள் இங்கே. இலை மஞ்சளாகிறது என்று யாரோ எங்கள் இடத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஈரச் செய்தித்தாளில் சுற்றிய இலைகளை மஞ்சள் பையில் போட்டு, இரண்டு பஸ் மாறி, வாடாமல் கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டிலும் எந்த வரிசை, எத்தனையாவது மரம் என்று ஒரு துண்டுச் சீட்டு. கையெழுத்து சரோஜாவுடையது. எத்தனையோ விவசாயிகள் இலை கொண்டுவந்து நான் பார்த்திருக்கிறேன், சீட்டு வைத்துக் கட்டியவர்கள் அவர்கள் மட்டும்தான்.

பத்துக் கட்டு இலை. பத்துக்கும் சோதனை போட்டேன். ஜெல்லை விளக்கின் மேல் வைத்தபோது பத்திலும் கோடு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் டில்லியிலிருந்து பெரியவர்கள் பார்வையிட வருகிறார்கள், காட்டுவதற்கு நம்மிடம் ஏதாவது இருக்கிறதா என்று இயக்குநர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். இதோ காட்டலாம், நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்தே. அப்போது என் பக்கத்தில் அமுதா நின்றுகொண்டிருந்தாள். அமுதாவை உனக்குத் தெரியும், நொச்சிக்குப்பத்திலிருந்து வந்து பாத்திரம், குழாய் எல்லாம் கழுவுகிறவள், உனக்குப் பிடிக்கும் என்று வஞ்சிர மீன் வாங்கி வருகிறவள். பதினெட்டு வருஷமாக எங்களோடு இருந்து ஜெல் ஊற்றவும் பழகியிருந்தாள். அவள் குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"மேடம், தண்ணி ஊத்துன குழிலயும் லேசா கோடு கீது."

நான் பார்த்தேன், பிரபா. இருந்தது. மற்றவை போலப் பளிச்சென்று இல்லை, மங்கலாக, ஆனால் இருந்தது. பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. "அது டிரேல இருக்கற கறை. நீ சரியா கழுவல. போய்க் கழுவு" என்றேன். அவள் டிரேயை எடுத்துக்கொண்டு போனாள். தண்ணீரின் குழி ஜெல்லின் ஓரத்தில் கடைசியாக இருந்தது. போலராய்டு கேமராவில் ஜெல்லைப் படம் எடுத்தேன். அறிக்கையில் ஒட்டும்போது படம் கட்டத்துக்கு அகலமாக இருந்ததென்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கத்தரிக்கோலால் அந்த ஓரத்தை வெட்டிவிட்டு ஒட்டினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பத்திலும் இவ்வளவு பளிச்சென்று தெரியும்போது இந்த மங்கல் கோடு என்ன செய்துவிடும் என்றுதான் தோன்றியது. திரும்பவும் சோதித்திருக்கலாம். அதற்கு ஒருநாள்தான் ஆகும். மனிதன் தன்னிடம் எவ்வளவு எளிதாக அனுமதி வாங்கிக்கொள்கிறான் என்பதற்கு நானே சாட்சி.

அதே வாரத்தில் நம் வீட்டில் என்ன நடந்தது என்று உனக்கு நினைவிருக்கும். நீ பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். உன் ரெக்கார்டு நோட்டைத் தற்செயலாகப் புரட்டினேன். டைட்ரேஷன் ரீடிங் மூன்றும் துல்லியமாக ஒன்றுபோல இருந்தது. மூன்று முறை செய்தால் மூன்றும் அப்படி வராது என்று எனக்குத் தெரியாதா? கேட்டதும் ஒத்துக்கொண்டாய். அன்றைக்குக் கிளாஸுக்கே போகவில்லை, நண்பனுடையதைப் பார்த்து எழுதினேன் என்றாய். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றாய். நான் அந்தப் பக்கங்களைக் கிழித்தேன். உன்னை இழுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போய், புரொபஸர் முன்னால் நிறுத்தி, உன் வாயாலேயே சொல்ல வைத்தேன். உன் சிநேகிதர்கள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உனக்கு பிராக்டிகலில் மார்க் போனது. இரண்டு மாதம் என்னோடு நீ சரியாகப் பேசவில்லை. "பாக்காததைப் பாத்த மாதிரி எழுதறவனுக்கு சயின்ஸ் எதுக்கு?" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேனே, நான் பார்த்ததைப் பார்க்காத மாதிரி எழுதி அதற்குள் மூன்று நாள் ஆகியிருந்தது. உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கண்டித்ததற்கு இல்லை, கண்டித்தது சரிதான். அந்தக் கோபத்தில் பாதி என் மேல் இருந்தது, அதை உன் மேல் கொட்டினேன். அதற்காகக் கேட்கிறேன்.

முடிவைக் கேட்க இருவரும் வந்தார்கள். கிரீனிங்தான், மருந்து இல்லை, தோட்டத்தையே எடுத்துவிடுங்கள், விட்டால் அக்கம்பக்கத்துத் தோட்டமெல்லாம் போய்விடும் என்று சொன்னேன். படத்தையும் காட்டினேன். தயாளன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, படத்தைத் தொடாமலேயே குனிந்து பார்த்தார். ஏதோ எக்ஸ்ரே பார்ப்பதுபோலப் பயபக்தியோடு பார்த்தார். சரோஜா அப்படி இல்லை. ஒல்லியான பெண்மணி, காதில் கல்தோடு, கண்ணில் பயமே கிடையாது. அவள் படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"பத்துக் கட்டு எலதான் பாத்தீங்கோ. அதுல ரெண்டு கட்டு நான் நல்ல மரத்துலேந்து பறிச்சாந்தது. பச்சையா கீற மரத்துலயும் நோவுன்னா அது எப்டிம்மா?"

பிரபா, உலகத்தில் எந்த விஞ்ஞானியும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. வேண்டுமென்றே நல்ல மரத்து இலையையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தைத் தாண்டாத பெண் எனக்குப் பரீட்சை வைத்திருக்கிறாள், நான் அதில் தோற்று, தோற்றது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். தெரியாமல் என்று சொல்லக்கூடாது. தண்ணீரின் குழி எனக்கு ஞாபகம் வந்தது. இருந்தும் நான் சிரித்துக்கொண்டே, நோய் முதலில் உள்ளே இருக்கும், வெளியே அப்புறம்தான் தெரியும், அதற்குத்தானே இந்த மெஷின் என்றேன். அது உண்மையும்தான். உண்மையை வைத்துக்கொண்டே ஒருவரை வாயடைக்க முடியும். தயாளன் அவளைப் பார்த்து, "படிச்சவங்க சொல்றாங்க இல்ல, கம்முனு இரு" என்றார். அவள் படத்தை என் மேஜையில் வைத்தாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டு வாரத்தில் தயாளன் மொத்தத் தோட்டத்தையும் வெட்டி எரித்துவிட்டார். காய் பிடித்திருந்த மரங்கள். அதைச் சொல்லிவிட்டுப் போகவே வந்தார். சட்டையில் புகை வாசனை இருந்தது. அவர் வருத்தப்பட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "நம்மளால ஊருக்கு நோவு வரக்கூடாது இல்லம்மா. நீங்க சொன்னதால பக்கத்துத் தோட்டமெல்லாம் பொழச்சிச்சி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். டில்லியிலிருந்து வந்தவர்கள் அந்தப் படத்தைப் பாராட்டினார்கள். இயக்குநர் எல்லோருக்கும் மசால்வடை வரவழைத்தார்.

மழைக்காலம் தொடங்கியபோது பின் அறை ஏ.சி. சரியானது. எல்லாம் பழைய இடத்துக்குப் போயின. ஃப்ரீசரில் தயாளனின் இலைகள் மிச்சம் இருந்தன. புதுக் கலவை, புது பிப்பெட், தனி அறை என்று எல்லா ஒழுங்கோடும் பத்தையும் திரும்பப் போட்டேன். தண்ணீரில் கோடு இல்லை. பத்திலும் கோடு இல்லை. நம்பாமல் இன்னொரு முறை போட்டேன். இல்லை. இலையை வேதியியல் சோதனைக்குக் கொடுத்தேன், மஞ்சளாக இருந்த எட்டிலும் துத்தநாகம் கம்மி. அமுதா அன்றும் பக்கத்தில்தான் நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் நான் திட்டியிருப்பேன், திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார், முழுக்கக் கேட்டார். பிறகு, "வெட்டினது வெட்டினதுதான். இப்போ போய்ச் சொன்னா மரம் வருமா? அந்த மனுஷன் ஊருக்கு நல்லது பண்ணோம்னு நிம்மதியா இருக்கார், அதையும் ஏன் பிடுங்கற?" என்றார். அவர் மேல் தப்பில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கு வேண்டியதும் அந்தப் பதில்தான், அதனால்தான் அவரிடம் போய்க் கேட்டேன். யாரிடம் என்ன பதில் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு யோசனை கேட்காதே. மூன்று வருஷம் நான் அந்தப் பதிலில் படுத்துத் தூங்கினேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் தயாளன் மறுபடி வந்தார். ஆள் பாதியாக இருந்தார். முன்பு போலவே மஞ்சள் பை, ஈரச் செய்தித்தாள். ஆனால் துண்டுச் சீட்டு இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஒரு குற்றம் செய்துவிட்டேன், உங்களிடம் சொல்லத்தான் வந்தேன் என்றார். அன்றைக்கு எல்லா மரத்தையும் வெட்டினேன் என்று சொன்னது பொய்யாம். மோட்டார் ரூம் பக்கத்தில் ஒரே ஒரு மரத்தை விட்டுவிட்டாராம். சரோஜா அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாளாம். நோவும் இல்லை ஒன்றும் இல்லை, அந்தம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று கத்தினாளாம். மூன்று வருஷமும் அந்த மரம் நன்றாகக் காய்த்ததாம். காய்க்கக் காய்க்க இவருக்குப் பயம். அந்தப் பழத்தை யாருக்கும் கொடுக்கவில்லை, பக்கத்துத் தோட்டக்காரர்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்போது பக்கத்துத் தோட்டத்தில் நான்கைந்து மரம் மஞ்சளாகிறது. தன்னால்தான் என்று முந்தின நாள் காலையில் அவரே அந்த மரத்தையும் வெட்டிவிட்டு, அதன் இலையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்தத் தோட்டக்காரர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வந்தேன் என்றார். சரோஜா எங்கே என்று கேட்டேன். போன ஆவணியில் போய்விட்டாள் என்றார், ஈரலில் ஏதோ.

நான் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னேன். ஏ.சி., தண்ணீர், கோடு, கத்தரிக்கோல், ஃப்ரீசர் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் மரங்களில் எதற்கும் அந்த நோய் இருந்ததில்லை, நேற்று வெட்டினீர்களே, மூன்று வருஷம் நன்றாகக் காய்த்த அந்த மரத்துக்கும் இருக்க வழியில்லை என்றேன். நான் அழவில்லை. அழுதால் அவர் என்னைத் தேற்றுவார் என்று பயமாக இருந்தது, அப்படிப்பட்ட மனிதர். அவர் அந்தப் பையின் காதைத் திருகினார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இத எழுதிக் குடுப்பியாம்மா?" அதுவரை என்னை அவர் ஒருமையில் பேசியதில்லை.

எழுதினேன். ஆய்வுக்கூடத்தின் தாளில், முத்திரையோடு. என்ன நடந்தது, யார் செய்தது, தண்ணீரில் கோட்டை முதலில் சுட்டிக் காட்டியது அமுதா, பச்சை மரத்து இலையைப் பற்றிக் கேட்டது சரோஜா என்று இரண்டு பேரின் பெயரும் போட்டு எழுதினேன். ஒரு நகலை இயக்குநர் மேஜையில் வைத்தேன். அவர் என்னைக் கூப்பிட்டு, நிறுவனத்தின் பெயரை வைத்து இப்படி எழுத உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது, திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நீங்களே போய்விடுவது நல்லது என்றார். நான் போய்விட்டேன். தியாகம் என்று நினைத்துவிடாதே, மூன்று வருஷம் தாமதமாக வந்தவளுக்கு அந்த வார்த்தை பொருந்தாது. உனக்கு நான் புத்தி சொல்லும் நிலைமையில் இல்லை. ஒன்றுதான் சொல்வேன். ஒருநாள் உன் ஜெல்லிலும் தண்ணீரில் கோடு தெரியும். எல்லோருக்கும் தெரிகிறதுதான், அது கேவலமில்லை. அன்றைக்கு வெளியே பெஞ்சில் யாராவது முடிவுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள், உன் முதலாளி வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீ வெளியே போய், இன்றைக்குச் சோதனை சரியாக வரவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று சொல். அந்த ஒரு வாக்கியம் என் வாயில் வரவில்லை. அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தாளை நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆதம்பாக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். முட்டிக்கு மருந்து வாங்கப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனேனே, அன்றைக்குத்தான். சின்ன வீடு. சுவரில் சரோஜாவின் படம், பிளாஸ்டிக் மாலை. தயாளன் ஸ்டூலை எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். தாளை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரியைப் படித்தார், நிறுத்தினார், என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "நான் படிச்சி இன்னா ஆவப்போகுது? அவகிட்ட படி" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. அவர் படத்தைக் காட்டினார். நான் எழுந்து போய் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று படிக்க ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு வரி போயிருக்கும், பின்னாலிருந்து அவர் சொன்னார்.

"சத்தமா படிம்மா. மரத்த புடிச்சிக்கினு விடமாட்டேன்னு நின்னா இல்ல, அன்னிக்கு நான் அறைஞ்சதுலேந்து அவளுக்கு ஒரு காது கேக்காது."

முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன், பிரபா. தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாக.

அம்மா